நாலு மணி டெலிபோன்

குழியே தோண்டாதியன்னு நான் எங்க சொன்னேன் அண்ணாச்சி? இங்கன தோண்டாதியன்னுல்லா சொல்லுதேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கே. மொதல்ல அந்தக் கடப்பாரையக் கீழ வைங்க. போடாதிய, வைங்க. பைய. பிள்ளையத் தொட்டில்ல கெடத்துத மாதிரி. ஆங்... அப்படி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

கோவம் வரத்தான் செய்யும். கழுகுமலையில இருந்து லாரி பிடிச்சு, பெட்டியும் குழாயுமா வந்து எறங்கி, வேர்வை கூட ஆறல, அதுக்குள்ள எவனோ ஒரு கோட்டிக்காரன் வந்து தோண்டாதங்கான். நானா இருந்தா ரெண்டு ஏச்சு ஏசியிருப்பேன். நீங்க ஏசல. நல்ல மனுசன்.

பேரு தெரியாம என்ன. வாணக்காரர் செந்தூர்பாண்டி வாராரு, செந்தூர்பாண்டி வாராருன்னு வில்பிரட்டு ஒரு வாரமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதான். திருநாள் கமிட்டித் தலைவரு அவன்தான். இந்தா, இப்படிக் கையப் பின்னால கெட்டிக்கிட்டு, தொந்திய ஒரு சாண் முன்னால அனுப்பிட்டு... ஏலே, இந்த வருசம் அதிர்வேட்டு அம்பத்தொண்ணுலே, மணப்பாட்டுல படுத்திருக்கவன் கட்டில்ல இருந்து விழணும்லே... பாத்தியளா, சிரிச்சிட்டிய. இப்பம் வந்து எறங்குனப்ப ஒரு தடவதான் அவனப் பாத்திருக்கிய, அதுக்குள்ள அடையாளம் தெரியுது பாருங்க. நமக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான்.

நான் மனுவேல். அந்தா, உப்புக் குமிக்கு அந்தப் பக்கம் ஒத்த ரூமு ஒண்ணு தெரியுதா, தகரக் கதவு போட்டு? அதுதான் நம்ம ஆபீஸு. டால்பின் கம்பெனியில லைன் வாச்சரு. ஏழு வருசம் ஆச்சி.

காதுல சொருவியிருக்க பீடி காதுலயே இருக்கட்டும் அண்ணாச்சி. வெத்தல போடுங்க. ஆத்தூர் வெத்தல, காலையில வாங்குனது. இந்தா சுண்ணாம்பு. தீப்பெட்டி எங்க வச்சிருக்கிய? மடியிலயா? நல்லது. மடியிலயே இருக்கட்டும். நானே கேட்டாலும் எடுக்காதிய.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு காரியம். சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க வேட்டுப் போடக்கூடாது. இங்கன மட்டும் இல்ல, எங்கயுமே போடக்கூடாது. இந்தக் குருசடியில, அந்தா அந்தச் சிலுவைக் கோயில்ல, ஒரு வழக்கம் இருக்குல்லா, மொத வேட்டு வெடிச்சாத்தான் அந்தோனியார் சப்பரத்தத் தோள்ல தூக்குவாவ. வேட்டு வெடிக்கலன்னா சப்பரம் இல்ல. சப்பரம் இல்லன்னா, அதுக்குப் பின்னால மெழுகுதிரியப் பிடிச்சுக்கிட்டு நூத்தம்பது பேரு இந்தப் பொட்டல் வழியா வரமாட்டாவ. எனக்கு அது போதும்.

எதுக்குன்னா... நேராச் சொன்னா நீங்களும் சிரிப்பிய. இன்னைக்கு விடிஞ்சதுல இருந்து மூணு பேருகிட்ட நேராச் சொல்லிட்டேன். மூணு பேரும் சிரிச்சாவ. அதனால சுத்தித்தான் வருவேன். மணி என்ன இருக்கும்? மூணே காலா? போதும். நாலு மணிக்கு எனக்கு ஒரு சோலி இருக்கு. அதுக்குள்ள முடிச்சிருவேன். உக்காருங்க. ஏ, அந்தப் பெட்டி மேல வேண்டாம். இப்படி வாங்க, இந்த வரப்புல.

இப்பம் நீங்க கடப்பாரைய ஓங்குனியள்ளா, அதுக்கு நேர் கீழ இடுப்பளவு ஆழத்துல ஒரு பைப்பு போவுது. ஆர்பர்ல கப்பல் வந்து நிக்கும். அங்கன இருந்து கம்பெனி டாங்கி வரைக்கும் ஏழு மைலு, பூராவும் மண்ணுக்குள்ளதான். உப்பளத்துக்கு அடியில, ரோட்டுக்கு அடியில, இந்தா இந்தப் பொட்டலுக்கு அடியில. உள்ள ஓடுறது தண்ணின்னு நினைச்சிராதிய. நாப்தா. பெட்ரோலுக்குத் தம்பி. அண்ணனாவது தீக்குச்சியக் கிட்ட கொண்டு போனாத்தான் பத்துவான். தம்பிக்காரன் முன்கோபி. எங்கயோ குச்சி உரசுத சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சி வந்துருவான்.

அந்தப் பைப்பக் காவல் காக்குறதுதான் நம்ம சோலி. திருடன்கிட்ட இருந்தா? சே. ஏழு மைல் பைப்ப எவன் தூக்கிட்டுப் போவான்? உப்புகிட்ட இருந்து. நீங்க கரிசக்காட்டு ஆளு, உங்களுக்கு உப்புன்னா சோத்துல போடுறது. இங்கன அது வேற. புதுச் சைக்கிள் வாங்குனா மூணு வருசம், அதுக்குப் பொறவு ஹேண்டில்பார் மட்டும் கையில வரும். எங்க அப்பனுக்குக் கல்லறையில இரும்புச் சிலுவை வச்சேன். ஆளு உசரம், கறுப்புப் பெயிண்டு அடிச்சு. நாலாம் வருசம் கல்லறைத் திருநாளுக்குப் போயி மாலை போடுதேன், மாலைக் கனம் தாங்காம பொத்துனு விழுது சிலுவை. அடியில பாத்தா இத்துப் போயி அப்பளம் மாதிரி நொறுங்குது. மேல பெயிண்டு மட்டும் பளபளன்னு அப்படியே இருக்கு. அதான் அண்ணாச்சி உப்பு. மேல ஒண்ணும் தெரியாது. கீழ இருந்துகிட்டு சத்தமில்லாம தின்னும்.

கிருபாநிதி சாருதான் எனக்கு இதெல்லாம் வெளக்குனவரு. எங்க என்ஜினியரு. மூக்குப்பொடி ஆசாமி. பாதிப் பேச்சு மூக்கு வழியாத்தான் வரும். கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க, அவரே வந்து நிப்பாரு... ம்மனுவேல், பைப்புக்குத் தாரு பூசித் துணி சுத்திதாங் எறக்கியிருக்கோங். ஆனா அது சட்டை மாதிரிதாங். ஒரு நகக்கீறல் போதுங். உப்பு அந்தக் கீறலைத்தாங் தேடி வருங்... 

அதுக்குத்தான் மிஷினு. அந்த ரூமுக்குள்ள பீரோ கணக்கா நிக்கும். பழைய தண்டவாளத்தத் துண்டு துண்டா வெட்டி, லைன் ஓரமாப் பன்னெண்டு இடத்துல புதைச்சிருக்கு. மிஷினு அந்தத் தண்டவாளத்துக்குக் கரண்டு குடுக்கும், அது மண்ணு வழியாப் பைப்புக்குப் போவும். அப்பம் உப்பு அந்தத் தண்டவாளத்தத் தின்னுக்கிடும், பைப்பத் தொடாது. நான் கேட்டேன், சார், குத்தம் ஒருத்தன் பேர்ல, சாவுறது இன்னொருத்தனா, இது எங்க சாமியார் தவக்காலத்துல வைக்கிற பிரசங்கம்லா? அவரு சொல்லுதாரு, ம்மனுவேல், சாமியாருக்குக் கூட ஒரு நாள் லீவு உண்டு, மிஷினுக்குக் கெடையாதுங், மிஷினு ஒரு நாள் நின்னா உப்புக்கு அன்னைக்கு அசனங்... அவுக சபையில ஊர் கூடி உக்காந்து சாப்பிடுத விருந்து அது, அசனம்னு சொல்லுவாவ. ஆட்டுக்கறி போட்டு.

மிஷினு ஓடுதான்னு தெரிஞ்சுக்கிடப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். சத்தம் கேக்கும். ம்ம்ம்ங்ங்ங்ங்... கோயில் ஆர்மோனியத்துல ஒரு கட்டைய மட்டும் அமுக்கிப் பிடிச்ச மாதிரி. காலையில பத்து மணிக்கு ஒரு தடவ, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவ கிருபாநிதி சார் கம்பெனியில இருந்து போன் அடிப்பாரு. ரூமுக்குள்ள கைப்பிடி வச்ச போன் ஒண்ணு இருக்கு, கம்பெனிக்கு மட்டும் பேசலாம். என்ஜினியரு நேர்ல வந்து பாக்கணும்னுதான் சட்டம். இந்த வெயில்ல, இந்த உப்புக் கூச்சத்துல, யாரு வருவா? ஃபேனுக்குக் கீழ உக்காந்துகிட்டு, ம்மனுவேல், ரிசீவரை மிஷின் பக்கம் பிடிம்பாரு. பிடிப்பேன். அஞ்சு எண்ணுத நேரம் கேப்பாரு. சரி ஓடுது, வைம்பாரு. அம்புட்டுத்தான் இன்ஸ்பெக்சனு. 

கேலியா எடுத்துக்கிடாதிய. அந்தச் சத்தத்து மேல அவருக்கு உசுரு. ரெண்டு வருசம் முந்தி ஒரு நாள் இங்க கரண்டு போயிட்டு. நாலு மணிக்கு போன் அடிக்காரு, ரிசீவரை மிஷின் பக்கம் பிடிக்கேன், சத்தம் இல்ல. கரண்டு இல்ல சார்னு நான் சொல்லுததுக்குள்ள போன வச்சிட்டாரு. பத்து நிமிசத்துல பம்ப நிப்பாட்டியாச்சு, ஜீப்பு வந்து நிக்கி. சட்டைப் பொத்தான் ஒண்ணு விட்டு ஒண்ணு மாறிக் கெடக்கு, கடவாயில வடைத் தூளு. ஏன்னா, மிஷின் சத்தம் இல்லாம பம்பு ஓடக்கூடாதுன்னு மெட்ராஸ் ஆபீஸ் ஆர்டரு, மீறுனா அவரு சீட்டுக் கிழிஞ்சிரும். மனுசன் சொல்லுதத நம்ப மாட்டாரு. மிஷினு சொல்லணும்.

இருங்க, வாரேன், வாரேன். வேட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னுதான கேக்கிய. 

நீங்க வந்ததுல இருந்து மூக்க உறிஞ்சிக்கிட்டே இருக்கிய. கவனிச்சேன். உங்க பெட்டியில இருந்து வருதுன்னு நினைச்சிய. கந்தக வாடை எனக்குத் தெரியும் அண்ணாச்சி, அது தொண்டையில கரிக்கும். இது நல்லா இருக்குல்லா? பெட்ரோல் பங்குல நிக்க மாதிரி, லேசா, இனிப்பா. தலைய ஒரு மாதிரிக் கிறுகிறுங்குதா? குனிஞ்சி நிமுந்தியல்லா, அதான். குனியாதிய. அது கனம் உள்ள சரக்கு, மேல போவாது. பள்ளம் எங்க இருக்கோ அங்கன போயிப் படுத்துக்கிடும், பாம்பு மாதிரி.

காத்தப் பாத்தியளா? இது அந்தோனியார் மாசம். இந்நேரத்துக்கு மேக்க இருந்து கச்சான் காத்து மண்ண வாரி மூஞ்சியில அடிச்சிக்கிட்டு இருக்கணும். அடிச்சா நமக்கு நல்லது, அந்த வாடைய எல்லாம் கடலுக்குத் தள்ளிட்டுப் போயிரும். இன்னைக்குக் காலையில ஒம்பது மணிக்குச் செத்துது காத்து. அந்தா குருசடிக் கொடி. ஈரத்துணி கணக்கா தொங்குது பாருங்க. ஏழு வருசத்துல நான் இப்படிப் பாத்ததில்ல.

காலையில லைன் பாக்க வந்தேன். இந்த வாய்க்கால்ல தண்ணி மேல புறாக்கழுத்து நெறம். கரையில நண்டு பூரா வளைய விட்டு வெளிய வந்து மல்லாக்கக் கெடக்கு, காக்கா கூட கொத்தல. பொறவு, நீங்க கடப்பாரைய ஓங்குன எடத்துல, தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ஈரம். சரி, உப்புத்தண்ணி ஊறியிருக்கும்னு நினைச்சேன். எங்க ஊர் மண்ணுல ஈரம் காஞ்சா வெள்ளையாப் பூக்கும். பத்து மணி போனுக்குப் போயிட்டு வந்து பாக்கேன், வெயிலு ஏறியாச்சு, இந்த ஈரம் பூக்கல. வெரலத் தொட்டு மோந்து பாத்தேன். 

உக்காருங்க அண்ணாச்சி! ஓடக்கூடாது. ஓடுனாத்தான் ஆவத்து. நான் ஓடுதேனா? காலையில இருந்து இதச் சுத்தித்தான நிக்கேன். வெத்தலய மெல்லுங்க. 

சொல்லாம இருப்பனா? ஓடிப்போயி போனக் கையில எடுத்துச் சுத்துனேன். கன்ட்ரோல் ரூம்ல பவுலு. நம்ம கூட்டாளி, சின்ன வயசுல இருந்தே பழக்கம். ஏ பவுலு, குருசடிப் பொட்டல்ல லைன் ஒழுவுதுலே, வால்வ மூடச் சொல்லுலேன்னு கத்துதேன். அவன் மெதுவாக் கேக்கான்... ஏலே மனுவேலு, இது யாரு கொரலுலே? நல்லா இருக்குலே. அந்த நடுக்கம் எப்படிலே வருது?... என் சொந்தக் கொரலுலேங்கேன். அதத்தாம்லே இதுக்கு முந்தி நான் கேட்டதே இல்லங்கான்.

அவனச் சொல்லிக் குத்தமில்ல. போன வருசம் ஏப்ரல் ஒண்ணாந்தேதி இதே போன்ல நான் கம்பெனி ஆபத்துச் சங்க ஊதுனேன். வாயாலதான். ஊஊஊவ்வ்வ்... வேண்டாம், இங்கன ஊத மாட்டேன். கன்ட்ரோல் ரூமே எந்திரிச்சி ஓடிட்டு. பவுலு மாடியில இருந்து குதிச்சு முட்டிய ஒடிச்சிக்கிட்டான். கிருபாநிதி சார் பொடி டப்பியோட வேலியத் தாண்டிட்டாரு. மெமோ குடுத்தாவ. வாங்கிக்கிட்டேன். மெமோவ மெட்ராஸ் மேனேஜர் கொரல்ல படிச்சும் காமிச்சேன். கம்பெனியே சிரிச்சிது. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்கே... இப்பம் அதுக்குத்தான் கூலி குடுக்கேன்.

ரெண்டாவது வில்பிரட்டு, குருசடிக்குப் போறதுக்கு இந்த வழியா வந்தான். வில்பிரட்டு, பொட்டல்ல தீ வரப்போவுது, சப்பரத்த நிப்பாட்டுன்னேன். கையத் தட்டுதான் மூதி. அருமைலே மனுவேலு, இதச் சாயங்காலம் நாடகத்துக்கு முந்தி மேடையில வச்சுக்கிடுவோம், இப்பமே செலவழிக்காதங்கான்.

மூணாவது எம் பொண்டாட்டி ஆக்னஸு, இங்க எனக்குச் சோறு கொண்டு வந்தா. அவளாவது நம்பியிருப்பா. போன மாசம் ஒரு நாள் அவ அரிசி பொடைச்சிக்கிட்டு இருக்கா. நான் வாசக்கதவுக்கு வெளிய நின்னு, செத்துப்போன அவ அம்மா கொரல்ல, ஏளா ஆக்னஸு, கொஞ்சம் தண்ணி குடுளா, நாக்கு வறளுதுன்னேன். வந்து கதவத் தெறந்தா பாருங்க. மூஞ்சி. அதுக்குப் பொறவு அவ என்கூட சிரிச்சதே இல்ல. இன்னைக்குத்தான் சிரிச்சா. ஊரு எரியப்போவுதுளா, வா, கெளம்புன்னு கையப் பிடிச்சு இழுத்தேன். இந்தத் தடவ யாரு செத்துட்டாவன்னு கேட்டுட்டுச் சிரிச்சா. 

அதுக்குப் பொறவுதான் உங்களப் பாத்தேன். இந்தச் சுத்துவட்டாரத்துலயே என் கொரலு எப்படி இருக்கும்னு தெரியாத ஆளு நீங்க ஒருத்தருதான். 

சைக்கிள் எடுத்துக்கிட்டு நானே கம்பெனிக்குப் போயிருக்கலாம்தான். போனா இந்த எடத்துல யாரு நிப்பா? உப்பளத்துல இருந்து சோலி முடிச்சிட்டு எட்டுப் பொம்பளைய சுருட்டுக் குடிச்சிக்கிட்டு இந்த வழியாத்தான் வந்தாவ மத்தியானம். கெட்ட வார்த்தை சொல்லி வெரட்டி விட்டேன். அவுக என் அக்கா தங்கச்சி மொறை. காறித் துப்பிட்டுச் சுத்திப் போனாவ. துப்பட்டும்.

இப்பம் ஒழுவுறது கொஞ்சந்தான். லைனுக்குள்ள மிச்சம் கெடக்குறது கசியுது. நாலரைக்குக் கப்பல்ல இருந்து பம்பு போடப் போறாவ. அந்தா வெள்ளையாத் தெரியுதே, அந்தக் கப்பலு. பம்பு போட்டா அழுத்தம் ஏறும். இப்பம் தாம்பாளம் அகலத்துக்கு இருக்க ஈரம், ஆறு மணிக்குள்ள இந்தப் பொட்டல் பூராவும் குளமாயிரும். அதுக்கு மேல நூத்தம்பது மெழுகுதிரி. முன்னால நீங்க, கையில திரியோட.

எப்படி ஓட்டை விழுந்துச்சா? நல்லாக் கேட்டிய. போன வருசத் திருநாளுக்கு வந்த வாணக்காரன் இதே எடத்துலதான் குழி போட்டான். உங்க ஆளுக வேட்டுக்குழாய நட்டுவைக்க இதத்தான் நல்ல எடம்ங்கிய, தரை கெட்டியா இருக்குன்னு. அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணி, நான் அந்த ரூம் வாசல்ல நிக்கேன். அவன் கடப்பாரை எறங்குது. சொத், சொத், சொத்... நங்ங்ங். இன்னும் காதுல இருக்கு. பாறைன்னு நினைச்சு அவன் ரெண்டடி தள்ளித் தோண்டுனான். எனக்குத் தெரியும் அது பாறை இல்லன்னு. பைப்போட சட்டை கிழிஞ்சிட்டு. நகக்கீறலு இல்ல, கடப்பாரைக் கீறலு. நான் என்ன நினைச்சேன்? சட்டை கிழிஞ்சா என்ன, மிஷினு பாத்துக்கிடும். மிஷினு ஓடுத வரைக்கும் உப்புக்கு வாய் கெட்டியிருக்கும்.

ம்?

அதத்தான் நீங்க கேப்பியன்னு காத்துக்கிட்டு இருந்தேன். மிஷினு ஓடும்போது எப்படி ஓட்டை விழும்? விழாது. கெட்டிக்காரரு நீங்க. பவுலு இதக் கேக்கல பாத்தியளா.

மிஷினு ஓடல அண்ணாச்சி. அது போன திருநாள் அன்னைக்கே செத்துப் போச்சு.

வேட்டுக்காரன் நங்குனு குத்துனது நாலு மணிக்கா, அன்னைக்கு ஏழு மணிக்கு வில்பிரட்டு வாரான், கூட மைக்செட்டுக்காரன் காசிலிங்கம். குருசடிக்குக் கரண்டு கெடையாது. வருசா வருசம் பெட்ரோமாக்ஸ்தான். உன் ரூம்ல கரண்டு சும்மாதான கெடக்கு மனுவேலு, அந்தோனியாருக்கு ஒரு ராத்திரி சீரியல் பல்பு போட்டா அவரு கோவிச்சுக்கிடுவாரான்னு கேக்கான். நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். எங்க ஊரு புனிதரு அண்ணாச்சி. மத்த ஊர்ல எல்லாம் கலர் கலரா மின்னுது, எங்க சாமி மட்டும் ஏன் புகைக்குள்ள நிக்கணும்? சரின்னுட்டேன். காசிலிங்கம் வயரக் கொண்டுபோயி மிஷினுக்குள்ள எங்கயோ சொருவுனான். எங்கன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குருசடி பூரா ஜிகுஜிகுன்னு எரிஞ்சிது. செவப்பு, பச்சை, மஞ்சள். பொம்பளைய எல்லாம் வாய்ல கையி வச்சிப் பாத்தாவ. ஆக்னஸு என்னத் திரும்பிப் பாத்தா, கல்யாணத்தன்னைக்குப் பாத்த மாதிரி. ஒரு கால் மணி நேரம் இருக்கும். ரூமுக்குள்ள டப்புனு ஒரு சத்தம். ஓடிப் போயிக் கதவத் தெறந்தா, புகை. ரப்பர் கருகுன நாத்தம். மிஷினுக்கு மூச்சு இல்ல.

மறுநாள் சொல்லிரணும்னுதான் இருந்தேன். மாதா சத்தியமா. பத்து மணிக்கு போன் அடிக்கி. சார், மிஷினுன்னு வாயத் தெறக்கேன். அதுக்குள்ள அவரு, ம்மனுவேல், ரிசீவரை மிஷின் பக்கம் பிடிங்காரு. கை தானா நீளுது. ரிசீவரு மிஷின் பக்கம் போவுது. உள்ள சத்தமே இல்ல. அந்தச் சத்தம் இல்லாதத என்னால தாங்க முடியல அண்ணாச்சி. வாயி தானா...

ம்ம்ம்ங்ங்ங்ங்ங்.

சரி ஓடுது, வைன்னாரு.

ஒரு வருசம். பத்து மணி, நாலு மணி. ஞாயித்துக்கெழம லீவு. காய்ச்சல்லயும் வந்து நின்னு ஊதியிருக்கேன். மழைக் காலத்துல ஒரு நாள் நடுவுல தும்மல் வந்துட்டு. ம்மனுவேல், மிஷினு தும்முதா என்னாங்காரு. எலி சார்னேன். மார்கழியில ஜீப்புல நேராவே வந்துட்டாரு, செத்தேன்னு நினைச்சேன். எறங்கல. ரோட்டுல இருந்தே தலைய வெளிய நீட்டிக் காதக் குடுத்தாரு. நான் ரூமுக்குள்ள, மிஷினுக்குப் பின்னால குத்தவச்சு. கதவு இடுக்குல பாக்கேன், கண்ண மூடிக் கேக்காரு, பாட்டுக் கேக்க மாதிரி. மிஷினு இந்த வருசம் நல்லா இழைஞ்சு ஓடுதுங்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு எனக்குப் பெருமை, பாத்துக்கிடுங்க. என் வாழ்நாள்ல நான் செஞ்சதுலயே அதுதான் நல்ல கொரலு. நான் ஊத ஊத, கீழ உப்பு அசனம் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு.

என்னத் திட்டணும்னா திட்டுங்க. சத்தமா வேண்டாம். 

ஏன் இதப் பவுலுகிட்டச் சொல்லலியா? சொன்னேனே. மிஷின் சத்தம் நான்தாம்லேன்னேன். அதுக்குத்தான் அவன் ரொம்பச் சிரிச்சான்.

உஷ்.

அந்தா. கேக்குதா? நம்ம ரூமுதான். நாலு மணி. கிருபாநிதி சாருக்கு நேரம் தப்பவே தப்பாது. இருபது தடவ மணி அடிக்கும், அதுக்குள்ள போயிருவேன். பழக்கந்தான.

இன்னைக்கு ரிசீவரை எடுத்து மிஷின் பக்கம் பிடிக்கப் போறேன். வாயப் பொத்திக்கிட்டு நிக்கப் போறேன், அம்புட்டுத்தான். நான் கத்துனா நம்ப மாட்டாரு, அழுதா நம்ப மாட்டாரு. மிஷினு பேசலன்னா நம்புவாரு. நம்பிட்டா நாலரைக்குப் பம்பு போட விடமாட்டாரு. பொறவு பத்து நிமிசத்துல ஜீப்பு வரும், அத ரோட்டுலயே மறிக்கணும், இந்தப் பொட்டலுக்குள்ள என்ஜினோட எறங்க விட்டுறக் கூடாது. செவப்புத்துணி எடுத்து வச்சிருக்கேன். பொறவு போலீஸோ என்னமோ. போறேன்.

என் வாயத்தான் எனக்குப் பயமா இருக்கு. ரிசீவரைப் பிடிச்ச ஒடனே அது தானாத் தெறக்கும். அதான் இந்தா, வெத்தலய வாய் நெறைய அடக்கிக்கிட்டேன். 

நீங்க பெட்டிய ஒவ்வொண்ணாத் தூக்குங்க. இழுக்காதிய, தூக்குங்க. கடலப் பாத்து நடங்க, குருசடியில போயி உக்காந்துக்கிடுங்க. வில்பிரட்டு வந்து வேட்டு எங்கன்னு குதிப்பான். குதிக்கட்டும். விடியுத வரைக்கும் ஒரு குச்சி உரசாதிய. அந்தோனியாரு வேட்டுச் சத்தம் கேக்காம எந்திரிக்க மாட்டாரு, இன்னைக்கு ஒரு நாள் சும்மா உக்காந்திருப்பாரு.

கடப்பாரைய விட்டுட்டுப் போங்க. அது கெடக்கட்டும்.

அண்ணாச்சி, ஒரு நிமிசம். நீங்க போட்டிருக்கது டயர்ச் செருப்பா, லாடம் அடிச்ச செருப்பா? லாடமா. இரும்பு... 

சரி. ஒண்ணுமில்ல. கழத்திக் கையில எடுத்துக்கிட்டு, பைய நடங்க.